அதே மாத்திரை

தையல் கம்பெனியில் அவளுக்கு ‘மடிப்பு’ என்று பெயர். அவள் இஸ்திரி போட்ட சட்டை லேசில் கலையாது. நாள் முழுக்க நின்றபடி வேலை. கணவன் லாரி டிரைவர். காசநோய் முதலில் அவனுக்குத்தான் வந்தது; குழந்தை பிறந்த கையோடு அவளுக்கும் தொற்றிக்கொண்டது. சுகாதார நிலையத்தில் இருவருக்கும் ஒரே மாத்திரைதான் கொடுத்தார்கள்.

கொஞ்ச நாளில் அவள் பாதங்கள் எரியத் தொடங்கின, மிளகாயை அரைத்துப் பூசியதுபோல. போகப் போக விரல்கள் மரத்தும் போயின. செருப்பு கழன்றது தெரியாமல் தெருவில் நடந்தாள்.

“நானும் அதைத்தானே முழுங்குறேன்? எனக்கு எரியலையே! வேலைக்கு டிமிக்கி குடுக்க நல்ல வழி கண்டுபிடிச்சிருக்க” என்றான் கணவன்.

மாமியார் மகனுக்கு முட்டையும் கறியும் வைத்து உடம்பைத் தேற்றினாள். மருமகளுக்குச் சட்டியில் வழித்த சோறு. அதைத் தின்றுதான் அவள் குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். “அம்மா, இவ நடிப்பை இப்பப் பாரு” என்று கிசுகிசுத்த கணவன், புகைத்துக்கொண்டிருந்த சிகரெட்டின் நெருப்பை அவள் கால் கட்டைவிரலில் வைத்து அழுத்தினான்.

அவள் அசையவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். வாடை வந்த பிறகுதான், “என்ன தீயுது?” என்று திரும்பினாள்.

மாமியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நெருப்பு வெச்சும் உறைக்கல. இவளுக்குக் கால் எரியுதாம்!”

அந்தப் புண்ணோடு வேலைக்கு நின்றாள். சீழ் வைத்து விரல் கறுத்தபோது, சூப்பர்வைசரே விரட்டிச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்.

“எப்படிம்மா சுட்டுச்சு?” என்று கேட்டாள் நர்ஸ்.

கணவன் பக்கத்தில் நின்றான். “இஸ்திரிப் பெட்டி பட்டுடுச்சு” என்றாள்.

எரிச்சலையும் மரத்ததையும் அவள் சொல்லக் கேட்டபோது நர்ஸின் முகம் மாறியது. “இந்த மாத்திரை பி6 வைட்டமினை உடம்புல தங்க விடாதும்மா. பால் குடுக்குற உடம்பு, அதுவும் இப்படி இளைச்ச உடம்பு. உனக்கு அது கூடுதலா வேணும். கூடவே ஒரு சின்ன மாத்திரை குடுத்திருக்கணும். நாங்க குடுக்கல.”

“அவருக்கும் இதே மாத்திரைதானேக்கா?”

“மாத்திரை ஒண்ணுதான். உடம்பு ஒண்ணா?”

பெரிய ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். சின்ன மாத்திரை சாப்பிடத் தொடங்கியதும் எரிச்சல் மெல்லத் தணிந்தது. உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை.

பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கு அவள்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு, டீ ஊற்றினாள். கணவன் நடுவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான்: “நான் மட்டும் அன்னிக்குச் சுட்டுப் பாக்கலைன்னா, மரத்துப்போனதே தெரிஞ்சிருக்காது. ரெண்டு காலும் போயிருக்கும்.”

“நல்லவேளை மாப்ளே” என்றாள் அவளைப் பெற்ற தாய்.