சோப்பு அட்டையில் ஒரு ஏழு

என் மகள் கல்லூரிக்காகக் கம்ப்யூட்டரில் எழுதிய ரம்மி ஆட்டத்தில் படங்களே கிடையாது. கறுப்புத் திரையில் ‘ஸ்பேட் 7’ என்று வெள்ளை எழுத்து வந்து நின்றதும், எங்கிருந்தோ ரோஜா சோப்பு வாசனை அடித்தது.

ஓசூரில் லைன் வீட்டில் இருந்தபோது எங்கள் சீட்டுக்கட்டில் ஸ்பேட் ஏழு தொலைந்துபோனது. அப்பா சோப்பு அட்டையை வெட்டி, பேனாவால் ஏழு போட்டுச் சேர்த்துவிட்டார். அந்தச் சீட்டின் முதுகெல்லாம் ரோஸ் நிறம். அது யார் கையில் இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல் ஆட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

ஒரு ஞாயிறு மதியம். மின்விசிறிக் காற்றில் சீட்டுகள் மெல்லப் படபடத்தன. ஷிப்ட் முடித்து வந்த அப்பாவின் விரல்களில் இன்னும் ஆயில் வாடை. ரோஸ் அட்டை அம்மாவிடம் இருந்தது. அப்பா ஸ்பேட் எட்டை உருவினார்.

“எட்டப் போடாதப்பா, ஏழு அம்மாகிட்ட இருக்குது!” என்று கத்திவிட்டேன்.

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

“அப்படியா கண்ணு? நா பாக்கலயே” என்ற அப்பா எட்டையே போட்டார். அம்மா சிரித்தபடி அதை எடுத்து ஆட்டத்தை முடித்தார். எனக்கு அழுகை வந்தது.

திரையிலிருந்து தலையைத் திருப்பி, “ஏம்மா, என் சீட்டெல்லாம் இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?” என்று மகளைக் கேட்டேன்.

“எல்லாமே தெரியும்மா. பாக்காத மாதிரி ஆடச் சொல்லித்தான் எழுதியிருக்கேன்.”

அவள் தன் தாத்தாவைப் பார்த்ததே இல்லை.