வாழைப்பழம் தவறான விடை

டாக்டர் ஆர்லின் ஹாகன், வயது அறுபத்தாறு, கிரேன் ஃபால்ஸ் ஊரின் பதினெட்டுப் படுக்கை ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷமாகப் பொது மருத்துவ நிபுணர். நிபுணர் என்றால் ஊரார் மரியாதைக்குச் சொல்வது அல்ல. மருத்துவ வாரியம் சான்றிதழ் கொடுத்துச் சொல்வது. சான்றிதழைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிற பழக்கம் வாரியத்துக்குக் கிடையாது.

முன்பெல்லாம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர்களைப் பெரிய நகரத்துக்கு வரவழைத்து, சட்டைப்பையைக் கவிழ்த்துப் பார்த்து, ஒரு நாள் முழுக்க உட்காரவைத்துப் பரீட்சை நடத்துவார்கள். பிறகு வாரியத்துக்கு மனம் இளகியது. இப்போது மூன்று மாதத்துக்கு முப்பது கேள்வி. வீட்டிலேயே, பைஜாமாவோடு எழுதலாம். கேள்விக்கு நாலு நிமிஷம். போதாதவர்களுக்கு வருஷத்துக்கு முப்பது நிமிஷம் உபரி. வேண்டிய கேள்விக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். எந்தப் புத்தகத்தையும் புரட்டலாம். எந்த மனிதரையும் மட்டும் கேட்கக் கூடாது. ஐந்தாம் வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்து, தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருப்பவர் நிபுணர். கீழே இருப்பவரைப் பற்றி வாரியம் ஒன்றும் சொல்லாது. ஆஸ்பத்திரி சொல்லும்: சான்றிதழ் இல்லாதவர் இங்கே நோயாளியைச் சேர்க்க முடியாது. ஹாகனை விட்டால் அடுத்த நிபுணர் எழுபது மைல் தள்ளி. ஜனவரியில் அந்த எழுபது மைலும் பனிக்கட்டி.

ஹாகன் கேள்விகளைச் சனிக்கிழமை காலையில் சமையலறை மேஜையில் எழுதுவார். எதிரே மனைவி மார்லிஸ் குறுக்கெழுத்துப் போடுவாள். அவளைக் கேட்டால் விதிமீறல். காலடியில் ஹெர்ப் என்ற கிழட்டு நாய்.

"மனுஷங்களத்தான கேக்கக் கூடாது? ஹெர்பக் கேக்கலாமா?" என்று முதல் வருஷமே மார்லிஸ் கேட்டாள்.

"விதியில நாயப் பத்தி ஒண்ணும் போடல."

"அப்ப தாராளமா கேளு. நீ பாத்த நோயாளிங்கள விட அவன் மோந்து பாத்தவங்க ஜாஸ்தி."

அன்றிலிருந்து கஷ்டமான கேள்வி வந்தால் ஹாகன் அதை நாய்க்குப் படித்துக் காட்டுவார். ஹெர்ப் கொட்டாவி விட்டால் 'இ' என்று வைத்துக்கொள்வது மார்லிஸ் போட்ட சட்டம். இந்த ஆலோசனைக் குழு வெகு சிறப்பாகவே இயங்கிவந்தது. மூன்றாம் வருஷம் அக்டோபர் வரை ஹாகனின் மதிப்பெண் கோட்டுக்கு ஒரு முழம் மேலேயே இருந்தது.

அந்த அக்டோபரில் இருவரும் கான்சஸ் சிட்டியில் மகளுக்குப் பிறந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் காரோட்டித் திரும்பியிருந்தார்கள். மறுநாள் சனிக்கிழமை. ஹாகன் மேஜையில். திரையில் ஆப்பிரிக்க ஏரியில் நீந்திவிட்டு வந்த ஓர் இளைஞனின் சிறுநீரில் ரத்தம். கிரேன் ஃபால்ஸில் பாதிப் பேர் ஏரியில்தான் கிடக்கிறார்கள். ஆனால் அது ஆப்பிரிக்க ஏரி அல்ல. நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆர்லின், இந்த இடது கெண்டைக்கால் நேத்துலேர்ந்து இறுக்கிப் புடிச்ச மாதிரியே இருக்கு."

ஹாகன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலைத் தூக்கினார்.

"அவ்வளவு நேரம் கார்ல உக்காந்தா அப்படித்தான். பொட்டாசியம் கம்மி. ஒரு வாழைப்பழம் சாப்பிடு."

"இது டாக்டர் சொல்றதா, புருஷன் சொல்றதா?"

"ரெண்டு பேருக்கும் சேத்து இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கு, மார்லிஸ்."

அவள் சிரித்து, உதட்டில் ஜிப்பை இழுத்து மூடுவதுபோலக் காட்டி, நின்றபடியே வாழைப்பழத்தைத் தின்றாள். ஹாகன் விடையைச் சரியாகப் போட்டார். வாரியம் பச்சை நிறத்தில் பாராட்டியது. பாக்கி இன்னும் பன்னிரண்டு கேள்வி இருந்தது. மார்லிஸ் சட்டத்தை மதிக்கிற பெண். கால் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முற்றத்தில் காய்ந்த இலைகளை வாரிக் குவித்துக்கொண்டிருந்தவள், குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓய்வெடுக்கிறாள் என்று எண்ணிப் பக்கத்து வீட்டுக்காரர் கையைக்கூட ஆட்டினார். ஆம்புலன்ஸ் வந்து நின்ற அவசரப் பிரிவில் அன்றைக்குப் பணியில் இருந்தவர் ஹாகன். நர்ஸ் ரோண்டா கத்தரிக்கோலால் கால்சட்டையை வெட்டியபோதுதான் அவர் அந்தக் காலைப் பார்த்தார். இரண்டு கால்களுக்கும் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கும். அளக்காமலே தெரிந்தது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டிருந்தது.

கிரேன் ஃபால்ஸ் துக்கம் விசாரிப்பது பாத்திரங்களால். கறியும் காளான் சூப்பும் கலந்து, மேலே உருளைக்கிழங்கு உருண்டை அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் பதினொன்று வந்து சேர்ந்தது. பாத்திரத்தின் அடியில் ஒட்டிய பெயர்ச்சீட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஹாகன் பிப்ரவரி வரைக்கும் அவற்றை உறைபெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கித் தின்றார். ஹெர்பும் உடனிருந்து உதவியது.

ஏப்ரலில் அந்தக் கேள்வி வந்தது.

அறுபத்து மூன்று வயதுப் பெண். நீண்ட கார்ப் பயணம். இரண்டு நாளாக இடது கெண்டைக்காலில் இறுக்கம். பரிசோதனையில் இடது கால் வலது காலைவிட மூன்று சென்டிமீட்டர் பருமன். அடுத்து என்ன செய்வீர்கள்? அ: பொட்டாசியம் கொடுத்தல். ஆ: காலுக்கு அல்ட்ராசவுண்டு. இ: வெந்நீர் ஒத்தடம். ஈ: ஒரு வாரம் கழித்து வரச்சொல்லுதல்.

மருத்துவக் கல்லூரி வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கூட 'ஆ' என்று சொல்லிவிடுவார். ஹாகன் நாலு நிமிஷமும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு 'அ' போட்டார். அதைத்தானே சொன்னார்? பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

தவறு என்றது திரை. கீழே பொறுமையாக விளக்கம்: இதைத் தசைப்பிடிப்பு என்று எண்ணி ஏமாறக் கூடாது. வாரியத்தின் வழக்கப்படி இரண்டு கேள்விகள். உங்கள் விடையில் எவ்வளவு நம்பிக்கை? இது உங்கள் தொழிலுக்கு எவ்வளவு பொருந்தும்? இரண்டாவதுக்கு ஹாகன் 'பொருந்தாது' என்று அழுத்தினார். அதுவும் உண்மைதான். மார்லிஸ் அவருடைய நோயாளி அல்ல. அவள் பெயரில் அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: இந்தத் தலைப்பு உங்களிடம் மறுபடி கேட்கப்படும்.

கேட்கப்பட்டது. டிசம்பரில் அவள் ஐம்பத்தெட்டு வயதாகி, விமானத்தில் வந்திருந்தாள். கால் அதே கால். ஹாகனுக்கு அப்போதுதான் வாரியத்தின் தாராள குணம் புரிந்தது. சரியாகப் போட்டால் அவள் குணமாகிப் போய்விடுவாள், திரும்ப வரமாட்டாள். தவறாகப் போட்டால் வருவாள். வேறு உடுப்பில், வேறு வயதில், ஆனால் வருவாள். அந்த நாலு நிமிஷமும் அவள் உயிரோடு எதிரே உட்கார்ந்திருப்பாள், இன்னும் ஒன்றும் ஆகியிருக்காது. கிரேன் ஃபால்ஸ் சர்ச்சின் பாதிரியாரால்கூட இந்த வசதியைச் செய்துதர முடியவில்லை. ஹாகன் உபரி நேரத்திலிருந்து பன்னிரண்டு நிமிஷம் எடுத்து அவளோடு இருந்துவிட்டு, 'அ' போட்டார்.

அடுத்த ஜூனிலும் அப்படியே. மற்றக் கேள்விகளிலும் புத்தி போகவில்லை. மதிப்பெண் சறுக்கிக்கொண்டே போயிற்று.

அதே சமயம் ஊரில் வேறொரு பேச்சு கிளம்பியிருந்தது. காது வலி என்று போனாலும் ஹாகன் கால்சட்டையைத் தூக்கச் சொல்கிறார். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளக்கிறார். மீன்பிடிக் கடையில், "டாக்டரு தையக்கடை வைக்கப் போறாராம், போய் அளவு குடுத்துட்டு வந்துட்டேன்" என்று சிரித்தார்கள். இப்படி அளந்ததில் அந்த வருஷம் மூன்று பேர் பிழைத்தார்கள். அவர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள்.

ஐந்தாம் வருஷம் நவம்பரில், ஆஸ்பத்திரி நிர்வாகி கிரெய்க் ஆஸ்ட்பி மதிய உணவு அறைக்குள் ஒரு காகிதத்தோடு வந்தார். ஹாகன் சாண்ட்விச்சைப் பிரித்து வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தார். மேஜையின் மறுமுனையில் ரோண்டா.

"டாக்டர், வாரியத்து அறிக்கை வந்திருக்கு. கோட்டுக்குக் கீழ இருக்கீங்க. மயிரிழைதான், ஆனா கீழ. இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி."

"தெரியும், கிரெய்க்."

"இத என்னால நம்பவே முடியல. 'பலவீனமான பகுதி: காலில் ரத்த உறைவு'ன்னு போட்டிருக்கான். நீங்களா? மூணு முறை கேட்டு மூணு முறையும் தப்பாம். படிக்கச் சொல்லி ஒரு கட்டுரை வேற அனுப்பியிருக்கான்." கிரெய்க் குரலைத் தாழ்த்தினார். "கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறா, டாக்டர்?"

"கோளாறு கம்ப்யூட்டர்ல இல்ல."

"ஜனவரியிலேர்ந்து உங்க ஆளுங்களையெல்லாம் நான் எங்க அனுப்பறது, சொல்லுங்க? பனியில பாதி வழியில..." கிரெய்க் முடிக்காமல், காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

ரோண்டா காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். இருபத்தேழு வருஷம் அவரோடு வேலை பார்த்தவள். அந்தக் கால்சட்டையை வெட்டியவள்.

"எந்த விடை போட்டீங்க?"

"நீ மனுஷி, ரோண்டா. உன்னோட பேசக் கூடாதுன்னு விதி."

"வாரியம் கேட்டா என்னை நாய்னு சொல்லிக்கோங்க. எந்த விடை?"

"பொட்டாசியம்."

"மூணு தடவையுமா?"

"அன்னைக்கு அவகிட்ட அதான் சொன்னேன். வாழைப்பழம் சாப்பிடுன்னு." ஹாகன் சாண்ட்விச்சின் விளிம்பைப் பிய்த்தார். "தப்பாப் போட்டா மறுபடி வரா, ரோண்டா. சரியாப் போட்டா வரமாட்டா."

ரோண்டா அறிக்கையைத் தள்ளி வைத்தாள். அவள் குரலில் கோபம் இருந்தது.

"வரா, சரி. வந்துட்டு எங்க போறா? நீங்க ஒவ்வொரு தடவையும் கையில ஒரு பழத்தக் குடுத்து அனுப்பறீங்க. அந்தக் காலோடயே வீட்டுக்குப் போறா. மூணு தடவ அனுப்பிட்டீங்க, டாக்டர். காது வலின்னு வர்ற கிழவன் கால அளக்கறீங்க. அவ கால மட்டும் அளக்க மாட்டீங்களா?"

ஹாகன் சாண்ட்விச்சை மறுபடி அதன் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பைக்குள் அளவு நாடா இருந்தது.

டிசம்பரின் இரண்டாவது சனிக்கிழமை. வெளியே ஏரி உறைந்து, அதன்மேல் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பவர்களின் குடில்கள் முளைத்திருந்தன. ஹெர்புக்கு இப்போது காது கேட்காது. ஆலோசனைக்கு அது ஒரு தடையாக இருந்ததில்லை. பதினேழாவது கேள்வியில் அவள் வந்தாள். அறுபத்தோரு வயது. பேருந்தில் வந்திருந்தாள். இடது கெண்டைக்கால், இரண்டு நாளாக இறுக்கம்.

நாலு நிமிஷம் முடிந்தது. உபரியில் இருபத்திரண்டு நிமிஷம் மீதி இருந்தது. ஹாகன் அத்தனையையும் எடுத்துக்கொண்டார். பின்னால் பதின்மூன்று கேள்விகள் காத்திருந்தன. அவற்றுக்கு இனி உபரி இல்லை. வாரியத்தின் கண்ணுக்கு அது சுத்த ஊதாரித்தனம். கேள்வியை அவர் நாய்க்குப் படித்துக் காட்டவில்லை. காப்பி ஆறியது. எதிர் நாற்காலியில் பாதி போட்ட குறுக்கெழுத்து இரண்டு வருஷமாக இருந்த இடத்திலேயே இருந்தது. ஒருமுறை எழுந்து போய், உட்கார்ந்திருப்பவரின் காலைப் பார்க்கக் குனிவதுபோல, அந்த நாற்காலியின் முன்னால் மண்டியிட்டார். முழங்கால் வலித்தது. எழுந்திருக்க மேஜையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஒரு நிமிஷம் பாக்கி இருக்கும்போது 'ஆ' போட்டார்.

சரி, என்றது திரை, பச்சையில். அந்த ஒற்றைப் பச்சையால்தான் சான்றிதழ் பிழைத்தது என்று ஜனவரியில் கடிதம் வந்தபோது தெரிந்தது. அந்த நிமிஷத்தில் அவருக்கு அது நினைவிலேயே இல்லை. அவர் சின்ன எழுத்து வரியைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தை மேலும் கீழும் இரண்டு முறை நகர்த்திப் பார்த்தார். அந்த வரி இல்லை.

உங்கள் விடையில் எவ்வளவு நம்பிக்கை? முழு நம்பிக்கை.

இது உங்கள் தொழிலுக்கு எவ்வளவு பொருந்தும்? மிகவும் பொருந்தும்.

வாரியம் அவருக்கு நன்றி சொல்லி அடுத்த கேள்வியைக் காட்டியது. நாற்பது வயது ஆண். கால்விரல் இடுக்கில் அரிப்பு. நாலு நிமிஷம் ஓடத் தொடங்கியிருந்தது. ஹாகன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார்.

"ஹெர்ப், நீ என்னடா சொல்றே?" என்றார்.

காது கேளாத ஹெர்ப் கொட்டாவி விட்டது. ஹாகன் 'இ' போட்டார். அது தவறான விடை.