எல்லோரும் ஒரு சுற்று

புளித்த பாலாடையின் வாசம் மூக்கில் ஏறினால், இன்றும் எனக்குக் கதவு தட்டும் சத்தம்தான் முதலில் கேட்கிறது.

ஷார்ஜாவின் ரோலா பகுதியில், பலகை வைத்துத் தடுத்த ஓர் அறையில் அப்பா, அம்மா, நான் என மூவரும் இருந்தோம். அப்பாவின் கம்பனி மூடி, விசாவும் முடிந்திருந்தது. பிடிபட்டால் யாழ்ப்பாணத்துக்கே ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், யாராவது கதவு தட்டினால் அவர் அலுமாரிக்குள் போய்விடுவார். அம்மா வேலை செய்த வீட்டு அயர்லாந்துக்கார "மேடம்" ஊர் திரும்பும்போது, கைப்பிடியைச் சுழற்றி வெண்ணெய் கடையும் கண்ணாடிப் போத்தல் ஒன்றையும், கூடவே தன் தாய்வீட்டு வழக்கம் ஒன்றையும் தந்துவிட்டுப் போனார்: கடையும்போது வீட்டில் இருப்பவர், வருபவர் எல்லோரும் ஒரு சுற்றாவது சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் கண்பட்டு வெண்ணெய் திரளாது. "அவையின்ர ஊரிலயும் நாவூறு இருக்குது பார்" என்று அம்மா அதை எங்கள் வீட்டுச் சட்டமாக்கிவிட்டார்.

எனக்கு ஆறு வயது. ஒரு பின்னேரம் நான் கடைந்துகொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. அப்பா அலுமாரிக்குள் மறைந்தார். வந்தவர் அறைகளைச் சோதிக்கும் அதிகாரி, கூட வந்தவர் கட்டடத்து வாட்ச்மேன், திருநெல்வேலிக்காரர். எத்தனை பேர் என்று அதிகாரி இந்தியில் கேட்க, இரண்டு பேர் என்றார் அம்மா. பயத்தில் என் கை நின்றுவிட்டது. நான் அலுமாரியைப் பார்த்துவிடக் கூடாதென்றுதானோ என்னவோ, "நிப்பாட்டாதை பிள்ளை, சுத்து" என்றார் அம்மா. சுற்றினேன். போத்தலில் நுரைதான் இருந்தது.

"அம்மா, வெண்ணெய் வராது. அப்பா இன்னும் சுத்தேல்லையே!"

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டில் தவளையின் வாயால் அப்பா கெட இருந்தார். பிள்ளை என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். வாட்ச்மேன் அலுமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெண்ணெய் வரவில்லையாம் என்று மட்டும் இந்தியில் சொன்னார். அதிகாரி சிரித்தபடி "கலாஸ்", முடிந்தது, என்று வெளியேறினார்.

வாட்ச்மேன் குனிந்து கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். "ஒங்க அப்பாவுக்குப் பதிலா நான் சுத்திட்டேன் பாப்பா. இனி வாயத் தொறக்காத, என்ன?"

அன்று வெண்ணெய் திரண்டது. விசா முடிந்தவர்கள் தண்டனையில்லாமல் ஊர் திரும்பலாம் என்று வந்த பொது மன்னிப்பில் அப்பா ஊர் போய்ச் சேரும்வரை, யார் முன்னாலும் பேசவே எனக்குப் பயமாயிருந்தது.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை, போத்தலும் எப்போதோ உடைந்துவிட்டது. போன வாரம் துபாய் அல் குசைஸில் எங்கள் வீட்டில், மகள் பள்ளிக்கூட வேலைக்காக ஜாம் போத்தலில் கிரீமைப் போட்டுக் குலுக்கினாள். எவ்வளவு நேரம், எவ்வளவு குளிர்ச்சி எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் இருக்கும் எல்லோரும் கை வைக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.