காகித நட்சத்திர வாரம்

ஏற்காட்டில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றின் காப்பாளர் பூங்கொடி. பக்கத்து வாழவந்தி கிராமத்துக்காரர். கிறிஸ்துமஸ் விடுமுறை வந்துவிட்டால் சேவை செய்வதற்கென்றே கீழேயிருந்து கார் காராக ஆட்கள் மலையேறுவார்கள். எல்லோரும் கற்றுக்கொடுப்பது காகித நட்சத்திரம்தான். அடுத்து வருகிறவர்கள் மனம் நோகக் கூடாதே என்று, ஒரு குழு கிளம்பியதும் அவர்கள் ஒட்டிய நட்சத்திரங்களைப் பிய்த்துப் பெட்டிக்குள் போட்டுவிடுவார் பூங்கொடி.

போன வருடம் சேலத்துக் கம்பெனி ஒன்றின் குழுவோடு வந்த சுதாகர், "இதுக்கு முன்னால யாராவது நட்சத்திரம் செஞ்சிருக்கீங்களா கண்ணு?" என்று கேட்டார்.

"இல்லைங்க!" என்றார்கள் பிள்ளைகள், பழகிய ஒரே குரலில். ஆனால் அவர் முதல் மடிப்பை விளக்கி முடிப்பதற்குள், சின்னவள் யாழினி முழு நட்சத்திரத்தையே நீட்டிவிட்டாள்.

சுதாகருக்குக் கண் கலங்கியது. "பொறவிக் கலைஞருங்க இந்தப் புள்ள!" என்று வீடியோ எடுக்கச் சொன்னார்.

பூங்கொடிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஏனுங்க, புள்ளைங்களுக்கு நட்சத்திரம் நொம்பச் சலிச்சுப் போச்சுங்க. கொஞ்ச நேரம் ஓடிப்புடிச்சு வெளையாடறீங்களா?"

"வெளையாடலாமுங்க. ஆனா போட்டோவுல கையில என்னத்தைப் புடிக்கறதுங்க?"

"புள்ளைங்க கையப் புடிங்க."

அரைமனதாக இறங்கிய சுதாகர், யாழினியைத் துரத்திப் போய் ஈரமண்ணில் வழுக்கி விழுந்தார். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூட வந்த ஒருவர் அதையும் படம் எடுத்தார். அந்த வாரம் எடுத்த அத்தனை படங்களிலும் பிள்ளைகள் நிஜமாகச் சிரித்தது அந்தப் படத்தில்தான். பேன்ட் முழுக்கச் சேறாக இருந்ததால், அதை மட்டும் யாருக்கும் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார் சுதாகர்.