இருபது கிலோ

என் மேல்வரிசையில் இரண்டு பற்கள் கட்டுப்பல். உடைத்தவன் என் தம்பி. பனச்சமூட்டில் என் கடைக்கு முன்னால், ரப்பர் ஷீட் விற்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, பட்டப்பகலில் உடைத்தான். நான் கையை ஓங்கவில்லை. அந்த வயதில் என் கை வாய்க்கு முன்னால் ஓடும். ஓங்கியிருந்தால் அவனைக் கீழே போட்டு மிதித்திருப்பேன். ஏன் ஓங்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஷீட் வாங்கி விற்றுக்கொண்டிருந்தேன். கடை உத்தரத்தில் ஒரு தொங்கு தராசு. கொக்கியில் ஷீட்டை மாட்டினால் வட்ட முகத்தில் முள் ஓடும். அதற்குள் கடினமான ஸ்பிரிங் ஒன்றை மாற்றிப் போட்டிருந்தேன். பத்துக் கிலோ தொங்கினால் எட்டுதான் காட்டும். திருட்டுத்தான், வேறு பெயர் வேண்டாம்.

தம்பிக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. டிக்கெட் இழுத்தடித்து, விசா கெடு முடிகிற நாளில்தான் விமானம். அன்றே போய் இறங்காவிட்டால் வேலை போச்சு. எங்கள் பக்கத்தில் ஒருவன் கிளம்பினால் பெட்டி அவனுடையது மட்டுமல்ல. பிள்ளைகள் அங்கே இருக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பொதி வரும்: நேந்திரங்காய் உப்பேரி, மீன் ஊறுகாய், தேங்காயெண்ணெய். வாங்கிக்கொண்டதைத் திருப்பிக் கொடுப்பது பெரிய மானக்கேடு. கயிறு கட்டிய பெட்டியை எடை பார்க்க ஆட்கள் ரப்பர் கடைக்குத்தான் வருவார்கள். என்னிடம் வருகிறவர்களை ஏதாவது சாக்குச் சொல்லி விரட்டிவிடுவேன்.

கிளம்புகிற அன்று காலை கடையில் நாலைந்து பேர் ஷீட்டோடு நின்றார்கள். தம்பி பெட்டியோடு வந்து, கேட்காமலே கொக்கியில் மாட்டிவிட்டான். முள் இருபதில் நின்றது. விமானத்தின் அடியில் போகிற பெட்டிக்கு அனுமதி இருபதுதான்.

“அண்ணா, இது செரியாட்டு காட்டுமா?” என்று கேட்டான்.

ஷீட்காரர்கள் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஓங்கி ஓர் அறை விட்டேன்.

“எலே, அண்ணனுக்கத் தராசைச் சந்தேகப்படுதியா? இருவது. கரெக்டாக்கும்.”

கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தான். ஊரைவிட்டுப் போகிற சந்தோஷத்தில் அவனுக்கு அது வலித்திருக்காது.

விமான நிலையத்துக்கு ஜீப்பில் போகும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஓட்டினவன் என்னிடம் ஷீட் விற்கிறவன். நெய்யாற்றின்கரை போயிற்று, பாலராமபுரம் போயிற்று, நான் வாயைத் திறக்கவில்லை. கவுண்டரில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடையன்.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். கவுண்டர் தராசிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டார்கள். தம்பி தரையில் முட்டிபோட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். ஐந்து கிலோ பொதிகளை எடுத்துக் கைப்பையில் திணித்தான். வெளியே வந்து என்னிடம் தந்திருக்கலாம். எந்த வீட்டுப் பொதியைத் திருப்பிக் கொண்டுபோவது? பிதுங்கிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு கையாட்டினான். நானும் ஆட்டினேன்.

மீதியெல்லாம் அவன் பிறகு அம்மாவிடம் சொன்னபோது அடுத்த அறையிலிருந்து கேட்டது. அன்று பாதிப்பேர் அவனைப்போலவே பெட்டியின் கனத்தைக் கைக்கு மாற்றியிருந்தார்கள். அவன் ஏறும்போது இருக்கைக்கு மேலுள்ள தட்டுகளில் இடமில்லை. நடைவழி அடைத்துக்கொண்டது, பின்னால் நின்றவர்கள் முதுகில் குத்தித் தள்ளினார்கள். ஒருவனுடைய சூட்கேஸை ஒதுக்கித் தன் பையைச் செருகினான். சூட்கேஸ்காரன் பையைப் பிடுங்கி எறிந்தான். ஊறுகாய்க் குப்பி உடைந்து எண்ணெய் அவன் வெள்ளைச் சட்டையிலேயே தெறிக்க, அவன் எங்கள் அம்மாவைச் சொல்லித் திட்டினான். தம்பிக்கும் என் கைதான். ஒரே குத்தில் அவன் மூக்கு உடைந்தது. அவனுடைய கூட்டாளிகள் இரண்டுபேர் தம்பியின் தலைமயிரைப் பிடித்து இருக்கைக் கம்பியில் மோதினார்கள். போலீஸ் வந்து தம்பியைத் தரதரவென்று கீழே இழுத்துப் போயிற்று. அவன் பெட்டியைத் தேடி இறக்கும்வரை விமானம் நகரவில்லை. அத்தனை பேர் வசவையும் வாங்கிக்கொண்டு கீழே நின்றானாம்.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து விட்டதும் வீட்டுக்குப் போகவில்லை. உதடு கிழிந்து, சட்டையில் ரத்தமும் ஊறுகாயுமாக நேரே கடைக்கு வந்தான்.

“அங்க இருவத்தஞ்சு காட்டிச்சு. ஒனக்குத் தெரியும்லா?”

தெரியும் என்றேன்.

தராசைக் கொக்கியோடு பிடுங்கி என் வாயில் அடித்தான். அடுத்த அடி தோளில், அதற்கடுத்தது காதோரம். நான் விழுந்த பிறகு தராசைக் கல்லில் போட்டு உடைத்து, ஸ்பிரிங்கை எடுத்து ஷீட்காரர்களின் காலடியில் எறிந்தான். ஒருவர் அதைக் குனிந்து எடுத்துப் பார்த்தார். பிறகு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என்னை மிதித்தவர்களில் ஜீப்காரனும் உண்டு.

அந்த வேலை அவனுக்குப் பிறகு கிடைக்கவே இல்லை. ரப்பர் மரங்களைப் பங்குக்கு எடுத்துப் பால் வெட்டப் போனான். நான் நல்ல தராசு ஒன்று வாங்கி மாட்டினேன். பக்கத்தில் வேறு கடைகள் இருந்தும் வாராவாரம் ஷீட்டை என்னிடமே கொண்டுவருவான். பேசமாட்டான். சாக்கிலிருந்து வளையம் வைத்த ஐந்து கிலோ இரும்புக் கல்லை எடுத்து முதலில் அதைத்தான் கொக்கியில் மாட்டுவான். முள் ஐந்தில் நிற்கும். அவன் முள்ளைப் பார்க்கமாட்டான், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.