என் முதுகு போன ஊர்கள்

எங்கள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றபோது, கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தார்கள். விரலால் தேய்க்கிற போன். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டின வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் போன்தான் அவருக்கு வேலை. சாயங்காலம் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வந்ததையெல்லாம் உரக்கப் படிப்பார். நான் ஐந்தாவது வரை படித்தவள். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அவர் அடுத்ததற்குப் போய்விடுவார். அதனால் காதால் கேட்பதோடு சரி.

“ரெண்டு தல கன்னுக்குட்டி பொறந்திருக்குதாம்மே. ரெண்டு வாயாலயும் பால் குடிக்குதாம்.”

“எந்த ஊர்லங்க?”

“ஊர் போடல.”

கத்திரிக்காயை அறுத்தால் உள்ளே பிள்ளையார். செவ்வாய் கிரகத்திலிருந்து கதிர் வருகிறது, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்காதே. ஏதோ ஒரு இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சர்க்கரை ஓடிப்போகும். எதற்கும் ஊர் இருக்காது, பேர் இருக்காது. படித்து முடித்ததும் அனுப்பிவிடுவார். பழைய ஷிஃப்ட் ஆட்கள் குரூப், கோயில் குரூப், சொந்தக்காரர்கள் குரூப் என்று எத்தனையோ வைத்திருந்தார். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்தவர். ஒரு பெல்ட்டில் வருகிற கரி அடுத்த பெல்ட்டில் விழ வேண்டும், நடுவில் தேங்கக் கூடாது. போனையும் அப்படித்தான் வைத்திருந்தார்.

அந்த வருஷம் அவருக்குக் காய்ச்சல் வந்து போனதில் நாக்குக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. உப்பு நார்த்தங்காய் இருந்தால் கஞ்சி இறங்கும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பழைய குவார்ட்டர்ஸில், வேலி ஓரமாக நான் வைத்த நார்த்தை மரம் இன்னும் காய்க்கிறது. எங்களுக்கு அப்புறம் அதில் குடிவந்த அம்மா நல்ல மாதிரி. ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்தால் தானே வெளியே வந்து நாலு காய் பறித்துக் கொடுப்பார். மாசத்துக்கு ஒரு தடவை பிரஷர் மாத்திரை வாங்க டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் அல்லவா, அப்படியே அந்தப் பக்கம் போய் வரலாம் என்று ஒரு கட்டைப்பையை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த அம்மா மாற்றலாகிப் போனது எனக்குத் தெரியாது. எனக்கு வாசலில் நின்று கூப்பிடவும் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடைக்குப் போனாலும் கடைக்காரர் என்னம்மா என்று கேட்கிற வரைக்கும் நிற்பேன். அன்றைக்கும் கேட்டுக்கு முன்னால் நின்றேன். ஜன்னல் மூடியிருந்தது. கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கத்து நிழலில் நின்றுவிட்டு மறுபடியும் வந்து கேட்டுக்கு முன்னால் நின்றேன். உள்ளே ஒரு சின்னப் பெண் குழந்தை மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது.

“பாப்பா, அம்மா இருக்காங்களா?” என்றேன். எனக்கே சரியாகக் கேட்காத குரல். குழந்தை என்னையும் பையையும் பார்த்துவிட்டு உள்ளே ஓடியது. கதவு சாத்திக்கொண்டது. இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் அவர் படித்தார்.

“உஷார், உஷார். டவுன்ஷிப்பில் பிள்ளை பிடிக்கும் பெண் நடமாட்டம். கையில் பை. குழந்தைகளிடம் பேச்சுக் கொடுக்கிறாள். பார்த்தால் விடாதீர்கள். அனைவருக்கும் அனுப்பவும்.” படித்துவிட்டு நிமிர்ந்தார். “பாத்தியா, இவ்ளோ நாளா எங்கியோ நடந்துகினு இருந்தது இங்கியே வந்திட்டுது.”

போனை என் பக்கம் நீட்டினார். படத்தில் ஒரு பொம்பளை முதுகைக் காட்டி நின்றாள். எனக்கு முதலில் தெரிந்தது கேட்தான்.

“ஐயையோ, இது நம்ப பழைய குவார்ட்டர்ஸுங்க! காலையில நான் அங்கதானே நின்னுகினு இருந்தன். என் கண்ணுல படலியே இவ.”

“நல்லவேள, படல” என்று சொல்லிக்கொண்டே எல்லா குரூப்புக்கும் தள்ளிவிட்டார்.

பாவி, குழந்தையைத் தூக்க எப்படி மனசு வருகிறது என்று நானும் சொன்னேன். அதற்குள் மருமகள் கையில் தன் போனோடு உள்ளேயிருந்து வந்தாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

“மாமா, இத யாருக்காவது அனுப்பினீங்களா?”

“அனுப்பாம? எல்லாருக்கும் தெரியணுமில்ல.”

“மாமா, இது அத்த.”

“எது?”

“இந்தப் புள்ள புடிக்கறவ. பொடவையப் பாருங்க. பொங்கலுக்கு நான் எடுத்துக் குடுத்தது.”

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “திரும்பி நில்லு” என்றார். நான் திரும்பி நின்றேன். போனை என் முதுகுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார் போலிருக்கிறது. அப்புறம், “நீதான்” என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணமான நாளிலிருந்து எங்கே போனாலும் அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால் போவேன். அவர் முதுகு எனக்கு நன்றாகத் தெரியும். சட்டையில் எந்த இடத்தில் முதலில் வேர்க்கும் என்றுகூடச் சொல்வேன். என் முதுகை அவர் எங்கே பார்த்தார்? நானே பார்த்ததில்லை.

அவர் அவசரமாக அழித்தார். அவர் போனில் அழிந்தது. மற்றவர்கள் போனில் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

நான் பஸ்ஸுக்குத் திரும்பும்போது அந்த வீட்டுக்குள்ளிருந்து எடுத்த படம் அது. மருமகளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்தக் குவார்ட்டர்ஸுக்கே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். அந்தப் பெண் யாரோ, எந்த ஜில்லாவிலிருந்து வந்தவளோ. புருஷன் ஷிஃப்டுக்குப் போயிருப்பான். குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறவள், தெரியாத ஒருத்தி வாசலில் பையோடு வாயைத் திறக்காமல் நின்றால் பயப்படமாட்டாளா? நான் “அம்மா” என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் அவளே காயைப் பறித்துக் கொடுத்திருப்பாள்.

அப்புறம் என் முதுகு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தது. பால் ஊற்றுகிறவள் வந்து எங்கள் வாசலிலேயே நின்று, “தெரியுமாக்கா, டவுன்ஷிப்புல ஒருத்தி சுத்திகினு இருக்கறாளாம்” என்றாள். சேத்தியாத்தோப்பிலிருந்து என் நாத்தனார் மகன் அனுப்பினான். அதே படம்தான். அதில் என்னை அவர்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் மடக்கிப் பிடித்துவிட்டதாக எழுதியிருந்தது. மேல்பட்டாம்பாக்கம் பக்கம் போனபோது நான் ஒருத்தி இல்லை, ஒரு கும்பல். மருமகள் ஒவ்வொன்றையும் படித்துக் காட்டுவாள். எனக்கு முதலில் அழுகை வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை. உடம்பு அசதியாக இருந்தது, அவ்வளவுதான். நான் சேத்தியாத்தோப்புக்குப் போயே வருஷக்கணக்காகிறது.

அந்தச் சமயம் அங்கங்கே வழி கேட்டவர்களைக்கூட ஜனங்கள் அடித்தார்கள் என்று டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே போவதை விட்டுவிட்டேன். அந்தப் புடவையை மருமகள் எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். புடவையைப் பெட்டிக்குள் போடலாம். முதுகை எங்கே போடுவது? மாசம் முடிந்து மாத்திரை தீர்ந்துபோனது. டாக்டர் பார்த்துத்தான் எழுதிக் கொடுப்பார், ஆள் நேரில் போக வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மருமகள் அவரை விடவில்லை.

“மாமா, நீங்க அனுப்பின குரூப்புலயெல்லாம் இது எங்க வூட்டு அம்மான்னு ஒரு வரி போடுங்க. எல்லாம் டவுன்ஷிப்பு ஆளுங்க. அத்த ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

“தானா அடங்கிடும்மா. நாளைக்கு வேற ஒண்ணு வரும்.”

“ரெண்டு தல கன்னுக்குட்டிய அனுப்ப கை வந்துச்சி. இதுக்கு மட்டும் வரலியா?”

“போட்டா இன்னா சொல்லுவானுங்க? பொண்டாட்டியவே அடையாளம் தெரியாதவன்னு சிரிக்கமாட்டானுங்க?”

“சிரிக்கட்டும். அடிக்கறதுக்கு சிரிக்கறது மேல்.”

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு இரண்டு மனசு. அவருக்குத் தலைகுனிவு வர வேண்டாம் என்று ஒரு மனசு. நமக்காக ஒரு வரி எழுத இவ்வளவு யோசனையா என்று ஒரு மனசு. இரண்டையும் வைத்துக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவர் ஒருத்தர் பார்க்க வந்தார். எத்தனையோ வருஷப் பழக்கம். என்றாலும் என் முகத்தை அவர் சரியாகப் பார்த்திருக்கமாட்டார். யார் வந்தாலும் டீயைக் கதவோரம் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். மாத்திரை, பென்ஷன், முட்டி வலி எல்லாம் பேசி முடித்துவிட்டு அவர் அந்தப் பேச்சை எடுத்தார்.

“அந்தப் புள்ள புடிக்கறவ இன்னும் சிக்கலியாம்பா. எங்க பிளாக்குல ஆம்பளைங்க முறை வச்சிக் காவல் இருக்கறம். என் கையில மட்டும் கெடைக்கட்டும், போலீசு வர்ற வரைக்கும் உசுரு இருக்காது அவளுக்கு.”

எங்கள் வீட்டுக்காரர், “உம்” என்றார்.

சமையலறையில் டீயை வைத்துக்கொண்டு அந்த ‘உம்’மைக் கேட்டேன். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் டீயை எடுத்துக்கொண்டு போனேன். கதவோரம் வைக்கவில்லை. நேராகக் கொண்டுபோய் வந்தவர் கையில் கொடுத்தேன். சாஸரில் கொஞ்சம் சிந்தியது.

“நீங்களும் பாத்து இருங்க அண்ணி” என்று அவர் போனைத் திருப்பிக் காட்டினார். “இதான் ஆளு.”

“அது நான்தாங்க” என்றேன்.

அவர் சிரித்தார். “நல்லா இருக்குது அண்ணி, நீங்க தமாசு பண்ணி இன்னைக்குத்தான் பாக்கறன்.”

நான் அங்கேயே நின்றேன். எங்கள் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பார்க்க வேறு இடம் இல்லாமல் போன பிறகு சொன்னார்: “இவதாம்பா. எனக்கு நார்த்தங்கா பறிக்கப் போனா.”

டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். “ஏம்பா... இத எனக்கு அனுப்பினதே நீதானே?”

“ஆமா.”

முதலில் அவர் முகம் வெளிறியது. உசுரு இருக்காது என்று சொன்னது அவருக்கே காதில் விழுந்திருக்கும். “மன்னிச்சிக்குங்க அண்ணி” என்று எழுந்தேவிட்டார். பிறகு எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “கட்டின பொண்டாட்டிய... அனைவருக்கும் அனுப்பவும்னு...” கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். மருமகளும் உள்ளே போய்ச் சிரித்தது எனக்குக் கேட்டது.

வந்தவர் தன் வீடு போய்ச் சேர்வதற்குள் குரூப்பில் எழுதிவிட்டார் போலிருக்கிறது. பெண்டாட்டியையே பிள்ளை பிடிக்கிறவள் என்று ஊருக்கெல்லாம் அனுப்பிய நம்ம ஆள். கூடவே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள். அதையும் மருமகள்தான் காட்டினாள். பொழுது சாய்வதற்குள் அது டவுன்ஷிப் முழுக்கப் போய்விட்டது. முன்னால் போனதைவிட வேகமாகப் போனது. இவர் ஒரு வரி எழுதியிருந்தால்கூட யாரும் அதை இன்னொருத்தருக்கு அனுப்பியிருக்கமாட்டார்கள். சிரிப்பாக இருந்ததால் அனுப்பினார்கள். எனக்கு வழி திறந்தது அப்படித்தான்.

எங்கள் வீட்டுக்காரர் போனை அலமாரி மேலே வைத்துவிட்டார். மணி அடித்தால் எடுத்துப் பேசுவார், அவ்வளவுதான். சாயங்காலம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். “இன்னா, இன்னைக்கு ஒண்ணும் விசேஷம் இல்லியா?” என்று நானே ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். “விசேஷமே நாமதானே” என்றார். 

அடுத்த புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூட வருகிறேன் என்ற மருமகளை வேண்டாம் என்றேன். பஸ்ஸில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றதும் பின்னால் ஒரு குசுகுசுப்பு. அந்தம்மாதான், அவங்கதான் என்று. என் முதுகு அவர்களுக்குத் தெரியும். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, “நீங்க முன்னாடி போங்கம்மா” என்று இடம் விட்டார். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, எல்லாருக்கும் நல்ல முகம். எனக்குத்தான் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் அந்த வரிசையில் யாருக்கும் தெரியாமல் நின்று, மாத்திரையை வாங்கிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்கு வந்தவள் நான். அது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

மாத்திரை கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் போன்.

“ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககூட ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? எங்க வீட்ல நம்பமாட்டாங்க.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அதற்குள் அவள் பக்கத்தில் வந்து நின்று போனை உயரப் பிடித்துவிட்டாள். மாத்திரைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் எடுத்து முடிக்கும் வரைக்கும் நின்றேன்.