கொழுந்து தீர்ந்துபோன படப்பிடிப்பு

படத் தயாரிப்பாளன் என்றால், ஆளுக்கொரு குறை சொல்ல நின்று கேட்டுக்கொண்டிருப்பவன் என்று அர்த்தம். சொந்தமாகப் படம் எடுத்து நொந்துபோன அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா? ராகலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்து மக்களையே நடிக்கவைத்து, அவர்கள் பேசுகிற தமிழிலேயே ஒரு படம் எடுத்து அவர்களுக்குக் காட்டவேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அதற்குப் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பங்களாவில்

முதலில் அனுமதி கேட்டுத் தோட்டத்து மேலாளரான துரையிடம் போனேன். ஒழுகுகிற லயத்து வரிசை வீட்டில் பிள்ளை வளர்க்கும் பெண்ணின் கதை என்று விளக்கமாகச் சொன்னேன். தேநீர் தந்தார். மலையை அழகாகக் காட்டினால் உல்லாசப் பயணிகள் வருவார்கள் என்று எனக்கே வகுப்பு எடுத்தார். கதவுவரை வந்து வழியனுப்பும்போது சொன்னார்: "மலைய எடுங்க, அருவிய எடுங்க. லயத்துப் பக்கம் மட்டும் கமராவத் திருப்பாதீங்க."

மலையில்

லயத்துக் காட்சிகளை வேறு தோட்டத்தில் என் கூடப்பிறந்த அக்கா வீட்டில் எடுத்தேன். கொழுந்து பறிக்கும் காட்சிக்குத் துரை ஆறு நிரை தேயிலைச் செடி ஒதுக்கித் தந்தார். கதாநாயகி புஷ்பம் அக்கா இருபது வருடமாகக் கொழுந்து பறிப்பவர். அவரும் கூட வந்த பெண்களும் பிரமாதமாகப் பறித்தார்கள். நடுவில் ஒருத்தி கமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். இன்னொரு தடவை எடுப்போம் என்று திரும்பினால், ஆறு நிரையிலும் ஒரு கொழுந்து மிச்சமில்லை.

பறிப்பதுபோல் நடித்தால் போதும் என்று தலைதலையாய் அடித்துச் சொல்லியிருந்தேன். மறுபடி துளிர்க்க ஒரு வாரம் ஆகும். வாடகைக் கமராவையோ அன்று பின்னேரமே திருப்பிக் கொடுக்கவேண்டும். வேறு வழியில்லாமல், அடியில் நின்ற, பறிக்கத் தெரிந்தவர்கள் தொடாத முத்தின இலையைக் கிள்ளவைத்து எடுத்து முடித்தேன். ஆத்திரத்தில் கத்தியும் விட்டேன். புஷ்பம் அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்: "கொழுந்தக் கண்டா கை நிக்குமாங்க தம்பி?"

கொழும்பில்

ஒரு திரையரங்கு முதலாளி படத்தைப் பத்து நிமிடம் பார்த்தார். அதிலும் பாதி நேரம் போனைத்தான் பார்த்தார். முத்தின இலைக் காட்சியை அருமை என்றார். பிறகு, இந்தியப் படங்களில் வருகிற மாதிரி வேறு குரல் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். எங்கள் தேயிலை மட்டும் மூன்று வேளையும் இவருக்கு இறங்குகிறது, எங்கள் பேச்சு ஆகாதாம். ஏன் என்று கேட்டதற்கு வந்த பதில்: "தோட்டத் தமிழ்ல படம் போட்டா யாருக்கு விளங்கும்?"

கோயில் மண்டபத்தில்

ஒரு குரலையும் மாற்றாமல், ஞாயிறு பகலில் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் திரை கட்டினேன். வெளிச்சம் வராமலிருக்க, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணிகளைப் பெண்கள் கொண்டுவந்து ஜன்னல்களில் மாட்டினார்கள். திரையில் கூரை ஒழுகியபோது, சட்டியை எங்கே வைப்பது என்று கதாநாயகிக்கே வழி சொன்னார்கள். ஒரு வசனத்தையும் தவறவிடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தது கொழுந்து பறிக்கும் காட்சி. மண்டபமே முணுமுணுத்தது. பதறிப்போய்ப் புஷ்பம் அக்காவிடம் என்னவென்று கேட்டேன். அவர் முகத்தில் அப்படி ஒரு கோபம். "படம் நல்லாதான் இருக்கு. ஆனா இம்புட்டு சனத்துக்கு முன்னால என்னைய முத்தின எல பறிக்க வச்சிட்டீங்களே தம்பி."

இதுவரை என் படத்துக்கு வந்த குறைகளிலேயே, படத்தை ஒழுங்காகப் பார்த்துவிட்டுச் சொன்னது அது ஒன்றுதான்.